குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கு: எங்கிருந்து தொடங்குவது?

கல்யாணமாகி ஏழெட்டு மாதம் ஆனாலே வீட்டுக்கு வருகிறவர்கள் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் நெருங்கிய சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். எங்கள் மகள் பிறக்க ஐந்து ஆண்டு ஆனது. அதில் முதல் இரண்டு ஆண்டும் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, மாத்திரை, மறுபடி ஸ்கேன் என்று எல்லாமே எனக்குத்தான். என் கணவரை யாரும் எந்தப் பரிசோதனைக்கும் அனுப்பவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டில் வேறொரு மருத்துவர் அவருக்கு விந்துப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். குறை அங்கேதான் இருந்தது. முதல் மாதமே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அந்த இரண்டு ஆண்டை இன்னொரு தம்பதி இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்தையும் இதைப் படித்துவிட்டு நீங்களாகத் தொடங்க வேண்டாம். மருத்துவரிடம் எப்போது போவது, என்ன கேட்பது, அதுவரை வீட்டில் என்ன செய்வது என்பதற்கு மட்டும் இது உதவும்.

முதல் படி: மாதங்களைச் சரியாக எண்ணுங்கள்

கருத்தடை எதுவும் இல்லாமல், சீராக உறவு வைத்துக்கொண்டும் 12 மாதம் கரு தங்கவில்லை என்றால் அதைக் குழந்தையின்மை என்று மருத்துவம் கணக்கில் எடுக்கிறது. பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதம் போதும். 40ஐத் தொட்டவர்கள் காத்திருக்கவே வேண்டாம், இப்போதே போய்ப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் ஆறில் ஒருவர் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார். உங்கள் தெருவிலேயே வெளியில் சொல்லாமல் இருப்பவர்கள் இருப்பார்கள்.

இந்த 12 மாதம் என்பது சேர்ந்து வாழ்ந்த மாதங்கள். கணவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்து வருடத்துக்கு ஒரு மாதம் விடுப்பில் வருகிறார் என்றால், கல்யாணமாகி மூன்று ஆண்டு ஆகியும் நீங்கள் முயன்றது மூன்று மாதம்தான். ஆடிக்குத் தாய்வீடு போன மாதத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. நூறு தம்பதிகளில் எண்பதுக்கும் மேற்பட்டோர் முதல் ஆண்டிலும், மீதியில் பாதிப் பேர் இரண்டாம் ஆண்டிலும் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள். நான்காம் மாதமே பதற வேண்டியதில்லை.

சிலர் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காமல் முன்னதாகவே போக வேண்டும். மாதவிடாய் 35 நாளைத் தாண்டியோ 21 நாளுக்குள்ளோ வருகிறவர்கள், அந்த நாட்களில் எழுந்திருக்க முடியாத அளவு வலி உள்ளவர்கள், காசநோய் வந்து போனவர்கள், கருக்குழாயிலோ சினைப்பையிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களில், சிறுவயதில் விதை கீழே இறங்காமல் இருந்தவர்கள், வயதுக்கு வந்தபிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விதையும் வீங்கியவர்கள், புற்றுநோய் சிகிச்சை எடுத்தவர்கள்.

இரண்டாம் படி: உங்கள் சுழற்சியைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் வீடுகளில் "தலைக்குக் குளித்து எத்தனை நாள் ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள். குளிப்பது சில வீட்டில் மூன்றாம் நாள், சில வீட்டில் ஐந்தாம் நாள். அந்த நாளிலிருந்து எண்ணினால் கணக்கு முழுதும் தள்ளிப் போய்விடும். இரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாள்தான் முதல் நாள். நானும் ரொம்ப நாள் தப்பாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது, எல்லாருக்கும் பதினான்காம் நாள்தான் என்ற எண்ணம். அது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்குச் சரி. கருமுட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிடாய் வர ஏறக்குறைய 14 நாள் ஆகும். அதனால் பின்னாலிருந்து கழிக்க வேண்டும். 32 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு 18ஆம் நாளை ஒட்டி, 35 நாள் என்றால் 21ஆம் நாளை ஒட்டி, 26 நாள் என்றால் 12ஆம் நாளை ஒட்டி முட்டை வெளியாகும். வெளியான முட்டை உயிரோடு இருப்பது 12 முதல் 24 மணி நேரம். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரைகூடத் தாங்கும். எனவே முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கரு தங்கும் நாட்கள். அதிலும் கடைசி மூன்று நாள் முக்கியம். முட்டை வரும்போது விந்தணு ஏற்கெனவே உள்ளே காத்திருக்க வேண்டும்.

உடலும் அடையாளம் காட்டும். அந்த நாட்கள் நெருங்கும்போது வெள்ளைப்படுதல் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக, இரு விரலுக்கு இடையே இழுத்தால் நீளும்படி இருக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓவுலேஷன் கிட் (சிறுநீரில் பார்க்கும் பரிசோதனைப் பட்டை) பாசிட்டிவ் காட்டினால், அடுத்த 24 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை வெளியாகலாம் என்று பொருள். பிசிஓடி (சினைப்பையில் சிறு நீர்க்கட்டிகளோடு முட்டை சீராக வெளிவராத நிலை) உள்ளவர்களுக்கு இந்தக் கிட் தப்பான கோடு காட்டுவது உண்டு. அவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம். காலையில் உடல் வெப்பம் அளக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் வெப்பம் ஏறுவது முட்டை வெளியான பிறகுதான், அந்த மாதத்துக்கு அது உதவாது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்று சொல்கிறேன். கணக்கு குழப்பமாக இருந்தால் விட்டுவிடுங்கள். மாதவிடாய் முடிந்ததிலிருந்து இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை உறவு இருந்தாலே அந்த நாட்கள் தானாக உள்ளே வந்துவிடும். "இன்றைக்குத்தான் நாள்" என்ற நெருக்கடியும் குறையும்.

மூன்றாம் படி: வெளியே சொல்லாததை மருத்துவரிடம் சொல்லுங்கள்

கல்யாணமாகி இரண்டு ஆண்டு ஆகியும் உறவு முழுமையாக நடக்காத தம்பதிகள் இருக்கிறார்கள். மனைவிக்கு வலியும் பயமும் சேர்ந்து தசை இறுகிக்கொள்ளும். கணவருக்கு அந்த நேரத்தில் விறைப்பு நிற்காது. வெட்கத்தால் இருவரும் சொல்வதில்லை. மருத்துவர் ஸ்கேனும் மாத்திரையும் எழுதிக்கொண்டே இருப்பார். "எங்களுக்கு உறவு சரியாக நடக்கவில்லை" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். நேரில் வாய் வரவில்லை என்றால் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பயிற்சி, ஆலோசனை, மருந்து என்று இதற்குச் சிகிச்சை இருக்கிறது, குணமும் ஆகிறது.

அப்புறம், உறவுக்குப் பிறகு விந்து கொஞ்சம் வெளியே வழிவது எல்லாருக்கும் நடப்பது. அதனால் கரு தங்காமல் போவதில்லை. காலைத் தூக்கி வைத்துப் படுத்திருக்க வேண்டியதும் இல்லை. எச்சிலும் சில வழவழப்பு ஜெல்களும் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும். ஜெல் தேவைப்பட்டால் விந்தணுவைப் பாதிக்காதது எது என்று கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: கணவரின் பரிசோதனை, முதலிலேயே

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். குழந்தையின்மைக்கான காரணங்களில் கிட்டத்தட்ட பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது, தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ. அப்படியிருந்தும் ஊரில் எல்லாரும் பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். "மலடி" என்ற சொல் வாயில் வருகிற அளவுக்கு ஆணுக்கான சொல் யார் வாயிலும் வருவதில்லை. பெண்ணுக்கான பரிசோதனைகளில் ஊசி உண்டு, வலி உண்டு, செலவும் கூடுதல். விந்துப் பரிசோதனையில் வலியே இல்லை, செலவும் குறைவு.

முறை இதுதான். பரிசோதனைக்கு முன் 2 நாளுக்குக் குறையாமலும் 7 நாளுக்கு மேற்படாமலும் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாள் சேர்த்து வைத்தால் நல்லது என்று நினைப்பது தப்பு, அப்போது ஓட்டம் குறைந்து காட்டும். ஆய்வகத்திலேயே தனி அறை தருவார்கள். அங்கே முடியாதவர்கள் வீட்டில் எடுத்து, அவர்கள் தந்த டப்பாவிலேயே, சட்டைக்குள் உடலோடு ஒட்டி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது, அதிலுள்ள பூச்சு விந்தணுவைக் கொல்லலாம். முதல் சொட்டு கீழே சிந்திவிட்டால் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். அதில்தான் அணுக்கள் அதிகம்.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை நான்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் எல்லை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி அணுக்கள், நகரும் அணுக்கள் 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். "வடிவம் 4 சதவீதம்தான்" என்று பார்த்துக் கலங்கிப்போகும் ஆண்கள் பலர். அது இயல்பான அளவுதான். இந்த எல்லைக்குக் கீழே இருந்தாலும் குழந்தை பிறக்காது என்று பொருள் இல்லை, மேலே இருந்தால் உறுதி என்றும் இல்லை. குறைவாக வந்தால் சில வாரம் இடைவெளி விட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இரண்டு மாதம் முன்பு வந்த கடுங்காய்ச்சல்கூட இன்றைய அறிக்கையில் தெரியும்.

அணுவே இல்லை என்று வந்தாலும் அதோடு முடிந்துவிடாது. வழியில் அடைப்பா, உற்பத்தியிலேயே குறையா என்று ஹார்மோன் பரிசோதனையும் ஸ்கேனும் சொல்லும். விதையிலிருந்தே நேரடியாக அணுவை எடுக்கும் முறையும் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் ஆண்களுக்கான ஆண்ட்ராலஜி அல்லது சிறுநீரகவியல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். என் கணவருக்கு வெரிகோசீல் இருந்தது, விதைப்பையில் இரத்தநாளம் புடைத்துச் சுருண்டிருப்பது. அறிக்கை வந்த அன்று அவர் இரவு சாப்பிடவில்லை. ஆணுக்கு இது பெரிய அடி. அந்த நேரத்தில் குத்திக்காட்டாமல் பக்கத்தில் இருங்கள்.

ஐந்தாம் படி: மனைவியின் பரிசோதனைகள்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எது தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மாதவிடாயின் 2ஆம் அல்லது 3ஆம் நாள் இரத்தத்தில் ஹார்மோன் பார்ப்பார்கள். தைராய்டும் சர்க்கரையும் கட்டாயம். ஸ்கேனில் கருப்பையையும் சினைப்பையையும் பார்ப்பார்கள், முட்டை வளர்வதைச் சில நாள் தொடர்ந்து பார்ப்பதுதான் ஃபாலிக்குலர் ஸ்டடி. முட்டை வெளியானதா என்று அறிய, அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு புரோஜெஸ்டிரான் பார்ப்பார்கள்.

கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க எச்எஸ்ஜி எனும் எக்ஸ்ரே, "டியூப் டெஸ்ட்" என்பார்கள். மாதவிடாய் நின்ற பிறகு, முட்டை வெளியாகும் முன் எடுப்பார்கள். மாதவிடாய் வலி மாதிரி சில நிமிடம் இருக்கும், முன்னதாக வலி மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கணவரின் அறிக்கை கைக்கு வந்தபிறகு இதைச் செய்துகொள்வதுதான் முறை. நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். இருமல் எதுவும் இல்லாமல் கருப்பையில் மட்டும்கூட அது இருக்கலாம். சந்தேகம் இருந்தால் மருத்துவர் உள்சவ்வை எடுத்துப் பரிசோதிப்பார்.

ஏஎம்எச் என்ற இரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. அது மீதமுள்ள முட்டையின் எண்ணிக்கையைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. அது குறைவாக இருந்தும் இயல்பாகக் கருத்தரித்தவர்கள் உண்டு. அந்த ஒரு எண்ணைக் காட்டி "உடனே ஐவிஎஃப்" (டெஸ்ட்டியூப் பேபி சிகிச்சை) என்றால், வேறொரு மருத்துவரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஆறாம் படி: அடுத்த மூன்று மாதம்

மூன்று மாதம் என்று சொல்வதற்குக் காரணம், மேலே சொன்ன விந்தணு உற்பத்திக் காலம். கணவர் இன்றைக்கு புகையிலையை விட்டால் பலன் அறிக்கையில் தெரிய அவ்வளவு நாள் ஆகும். சிகரெட், பீடி, குட்கா எல்லாம் ஒன்றுதான். மதுவும் அப்படியே. மடிமேல் லேப்டாப், இறுக்கமான உள்ளாடை, நாள் முழுக்க அடுப்பு முன்னாலோ கொதிக்கும் எஞ்சின் மேலோ வேலை, இந்தச் சூடு விதைக்கு ஆகாது. ஓட்டல் சமையல்காரர்கள், லாரி ஓட்டுநர்கள் மருத்துவரிடம் தங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். ஜிம்முக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: உடம்பேற்றப் போடும் டெஸ்டோஸ்டிரான் ஊசியும் ஸ்டீராய்டும் விந்தணு உற்பத்தியை நிறுத்தியே விடக்கூடும். "ஆண்மைக்கு நல்லது" என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள்.

மனைவி தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே. குழந்தையின் முதுகுத்தண்டு உருவாவது கர்ப்பம் தெரியவரும் முன்பே தொடங்கிவிடுவதால் பிறகு எடுத்தால் தாமதம். சர்க்கரை நோயோ வலிப்பு மாத்திரையோ உள்ளவர்களுக்கு அளவு கூடும், மருத்துவரைக் கேளுங்கள். ரூபெல்லா தடுப்பூசி போட்டால் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

எடை அதிகமுள்ள பிசிஓடிக்காரர்களுக்கு நல்ல செய்தி: உள்ள எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகி முட்டை வெளிவரத் தொடங்குகிறது. 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தாலே மாற்றம் தெரியலாம். பட்டினி வேண்டாம். மூன்று வேளைச் சோறு ஒரு வேளையாகட்டும், தட்டில் பொரியலும் சுண்டலும் முட்டையும் கூடட்டும், தினமும் அரை மணி வேகமாக நடங்கள். ரொம்ப மெலிந்திருப்பதும் முட்டையைத் தடுக்கும், அவர்கள் எடை கூட்ட வேண்டும்.

திருக்கருகாவூர் அம்மனிடம் நெய் வாங்கி 48 நாள் சாப்பிடுகிறவர்கள் உண்டு, என் மாமியாரும் வாங்கித் தந்தார். வேண்டுதல் மனதுக்குப் பலம், பரிசோதனையை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். பெயரும் சீட்டும் இல்லாத லேகியம், பொடி மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஈயமோ ஸ்டீராய்டோ இருக்கிறதா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. சித்த மருத்துவம் எடுப்பதானால் பதிவுபெற்ற மருத்துவரிடம் எடுங்கள், மகப்பேறு மருத்துவருக்கும் தெரிவியுங்கள்.

ஏழாம் படி: சிகிச்சை எப்படிப் போகும்

முட்டை வராதவர்களுக்கு முதலில் மாத்திரை. பெரும்பாலும் லெட்ரோசோல் எழுதுவார்கள். பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் மார்பகப் புற்றுநோய் என்று பார்த்துவிட்டுப் பயந்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நோய்க்கும் கொடுக்கும் மருந்துதான் அது. இந்தியாவில் 2011இல் இந்தப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது, 2017இல் நீக்கப்பட்டது. இப்போது பிசிஓடிக்கு முதலில் கொடுக்கும் மருந்தே இதுதான்.

அடுத்து ஐயூஐ. கணவரின் விந்தைச் சுத்தம் செய்து, முட்டை வெளியாகும் நேரத்தில் கருப்பைக்குள் செலுத்துவார்கள். சில நிமிட வேலை. ஒரு முறைக்கு வெற்றி நூற்றில் பத்து, பதினைந்து என்ற அளவில்தான். கருக்குழாய் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். மூன்று முதல் ஆறு முறைக்குள் பலன் இல்லை என்றால் மேற்கொண்டு அதையே செய்வதில் பயன் குறைவு.

பிறகுதான் ஐவிஎஃப், நம் ஊரில் டெஸ்ட்டியூப் பேபி என்பது. பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, மயக்கம் கொடுத்து வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, கருப்பையில் வைப்பார்கள். விந்தணு மிகக் குறைவாக இருந்தால் ஒரே ஒரு அணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்துவது இக்சி. எங்கள் மகள் அப்படித்தான் வந்தாள், இரண்டாவது முயற்சியில். இதில் பெண்ணின் வயதுதான் பெரிய காரணி. 35க்குள் இருக்கும் வாய்ப்பு 40க்கு மேல் வேகமாக இறங்கி, 43ஐத் தாண்டினால் சொந்த முட்டையில் மிகக் குறைந்துவிடுகிறது.

மையத்தைத் தேர்ந்தெடுக்க, நெடுஞ்சாலைப் பலகையில் இருக்கும் சதவீதத்தை நம்பாதீர்கள். "என் வயதில் இருப்பவர்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்?" என்று கேளுங்கள். கர்ப்பம் உறுதியானதை மட்டும் வெற்றி என்று சொல்பவர்கள் உண்டு. ஊசி, ஸ்கேன், கருவை உறைய வைத்தல் உட்பட மொத்தச் செலவை எழுத்தில் வாங்குங்கள். 2021ஆம் ஆண்டின் கருத்தரிப்பு உதவிச் சிகிச்சைச் சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது வரைதான் இந்தச் சிகிச்சை. தானமாகப் பெற்ற முட்டையோ விந்தோ பயன்படுத்த உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். பணம் இல்லை என்று யாரும் ஆரம்பத்திலேயே பின்வாங்க வேண்டாம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மகப்பேறு பிரிவில் அடிப்படைப் பரிசோதனைகளைத் தொடங்கலாம்.

இரண்டு எச்சரிக்கை. ஊசி போடும் நாட்களிலோ முட்டை எடுத்த பிறகோ வயிறு வேகமாக வீங்கினால், மூச்சுத் திணறினால், சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பம் உறுதியான பிறகு அடிவயிற்றில் கடும் வலியோ மயக்கமோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள், கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம்.

எட்டாம் படி: வீட்டில் யார் பேசுவது

உங்கள் இருவருக்குள் ஒரு முடிவு வேண்டும். அவரவர் பெற்றோரிடம் அவரவர் பேசுவது. மாமியாரின் கேள்விக்கு மருமகள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. "அம்மா, ரெண்டு பேரும் டாக்டரைப் பார்த்துட்டு இருக்கோம், ஏதாவது இருந்தா நானே சொல்றேன்" என்று மகன் சொன்னால் பாதிப் பேச்சு அடங்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் அடங்கியது. யாரிடம் குறை என்று வெளியே சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு மாதமும் அந்த நாள் வரும்போது அழுகை வரும், வரட்டும். அது வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் போனால் மனநல மருத்துவரையும் பாருங்கள், கணவருக்கும் இது பொருந்தும்.

முதல் சந்திப்புக்குக் கையில் எடுத்துப்போக

ஒரு ஃபைல் வாங்குங்கள். கடைசி ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளை முதல் தாளில் எழுதுங்கள். கல்யாணமான தேதி, உண்மையில் சேர்ந்திருந்த மாதங்கள், இருவருக்கும் நடந்த அறுவை சிகிச்சைகள், எடுக்கும் மாத்திரைகள், பழைய ஸ்கேன், பழைய அறிக்கைகள் எல்லாம் அதிலேயே இருக்கட்டும். மருத்துவமனை மாறினாலும் அசல் உங்களிடமே இருக்க வேண்டும், கேட்டால் நகல் கொடுங்கள். ஃபைலின் மேல் இருவர் பெயரையும் எழுதுங்கள். பதிவு செய்யும்போது இருவருக்கும் சேர்த்து நேரம் கேளுங்கள், கணவருக்கு அன்று விடுப்பு சொல்லச் சொல்லுங்கள். உள்ளே போனதும் "இவருக்கும் பரிசோதனை எழுதிக் கொடுங்கள், டாக்டர்" என்று கேளுங்கள்.